டோக்கன் நம்பரா அது?

1950களின் தொடக்கம். அரசு விருந்து ஒன்றில் இருபது வயதைத் தாண்டிய ஓர் இளம்பெண் கையில்லாத உடையில் நிற்கிறார். இடது முன்கையில் பச்சை குத்திய ஐந்து இலக்கங்கள்: 78651. உயர்பதவியில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அதைக் கவனித்துவிட்டு, வாசலில் கோட்டைக் கழற்றிக் கொடுத்தபோது தந்த டோக்கன் நம்பரா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தப் பெண் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் முழுக்கை உடைதான் அணிந்தார்.

அவர் பெயர் சிமோன் வெய். பிற்காலத்தில் பிரான்சின் சுகாதார அமைச்சராகி, கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியவர். 1979இல் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தலைவரானவர். (ஏறக்குறைய இதே பெயரில் ஒரு பெண் தத்துவவாதியும் உண்டு. அவர் வேறு, இவர் வேறு. தமிழில் எழுதும்போது இருவரையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.) நாம் பார்க்கப்போவது அவருடைய பதவிகளை அல்ல. 1944 மார்ச் முதல் 1945 மே வரையிலான பதினான்கு மாதங்களையும், அந்தப் பதினான்கு மாதங்களைப் பற்றி அவர் பேச முயன்றபோது நடந்ததையும்.

நாஜி முகாம்களிலிருந்து உயிரோடு திரும்பிய யூதர்கள் பல பத்தாண்டுகள் வாய் திறக்கவில்லை, அதிர்ச்சியில் அவர்களால் பேச முடியவில்லை என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. நானும் அதை வெகுநாள் நம்பியிருந்தேன். சிமோன் வெய் இதைத் திரும்பத் திரும்ப மறுத்தார். பேசத்தான் விரும்பினோம், பேசவும் செய்தோம், கேட்கத்தான் யாருமில்லை என்பது அவருடைய பதில். இந்த இரண்டு விளக்கங்களுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதலாவதில் குறை உயிர் தப்பியவரின் மனதில் இருக்கிறது. இரண்டாவதில் ஊரிடம் இருக்கிறது.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

சிமோன் ஜாக்கோப் (வெய் என்பது திருமணத்துக்குப் பின் வந்த பெயர்) 1927 ஜூலை 13 அன்று தெற்கு பிரான்சின் கடற்கரை நகரமான நீஸில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. மூத்தவர் மதலேன், வீட்டில் மிலு. அடுத்தது தெனீஸ், பிறகு அண்ணன் ழான். அப்பா ஆந்த்ரே கட்டடக் கலைஞர். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டு ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியாக இருந்தவர். அம்மா இவோன். மதச்சடங்குகள் எதுவும் இல்லாத வீடு அது. தங்களை முதலில் பிரெஞ்சுக்காரர்களாக நினைத்தவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1940 ஜூனில் பிரான்ஸ் தோற்றது. தோல்விக்குப் பிறகு ஜெர்மனியோடு ஒத்துழைத்த மார்ஷல் பெத்தானின் விஷி அரசு அதே ஆண்டு அக்டோபரில் தானாகவே யூதர்களுக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜெர்மானியர்கள் கழுத்தைப் பிடித்து எழுத வைத்த சட்டமல்ல அது. ஒவ்வொரு தொழிலாக யூதர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது, ஆந்த்ரே ஜாக்கோபின் தொழிலும் போயிற்று. அப்புறம் கணக்கெடுப்பு. யூதர்கள் எல்லோரும் வந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு. சட்டத்தை மதிக்கிற குடும்பம் ஆகையால் ஜாக்கோப் வீட்டினரும் போய்ப் பதிந்துகொண்டார்கள். பெரும்பாலானோர் அப்படித்தான் செய்தார்கள். கொல்வதற்கான பட்டியல் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏதோ ஓர் அரசுக் காகிதம், அவ்வளவுதான்.

நீஸுக்கு மட்டும் கொஞ்சகாலம் ஒரு விசித்திரமான அதிர்ஷ்டம் இருந்தது. 1942 நவம்பரில் அந்தப் பகுதியை இத்தாலியப் படை எடுத்துக்கொண்டது. முசோலினியின் இத்தாலி ஹிட்லரின் கூட்டாளிதான், ஆனாலும் அங்கிருந்த இத்தாலிய அதிகாரிகள் யூதர்களைப் பிடித்துக் கொடுக்க மறுத்தார்கள். பிரெஞ்சுப் போலீஸ் பிடிக்கப் போனாலும் தடுத்தார்கள். மற்ற இடங்களிலிருந்து ஆயிரக்கணக்கான யூதர்கள் நீஸுக்குத் தப்பி வந்தது அதனால்தான். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. அடுத்த நாளே ஜெர்மானியர்கள் உள்ளே வந்தார்கள், கூடவே யூதர்களைப் பிடித்து முகாம்களுக்கு அனுப்பும் வேலையிலிருந்த நாஜி அதிகாரி அலோய்ஸ் புருனரும் வந்தான். ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த எக்செல்சியர் ஹோட்டலில் தலைமையகம் அமைத்துக்கொண்டு வேட்டையைத் தொடங்கினான். அடைக்கலம் தேடி வந்து குவிந்திருந்த இடமே பொறியாக மாறியது.

ஜாக்கோப் குடும்பம் போலிக் காகிதங்களோடு ஆளுக்கொரு வீட்டில் பிரிந்து தங்கியது. சிமோனுக்கு இடம் கொடுத்தது அவருடைய ஆசிரியை ஒருவர். நேசநாட்டுப் படைகள் கரையிறங்கக்கூடும் என்பதால் அந்த ஆண்டு பள்ளியிறுதித் தேர்வை மார்ச் மாதத்துக்கே முன்தள்ளியிருந்தார்கள். 1944 மார்ச் 29 அன்று சிமோன் தேர்வெழுதி முடித்தார், சொந்தப் பெயரிலேயே. மறுநாள், தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் நண்பர்களோடு தெருவில் போய்க்கொண்டிருந்தவரை மாற்றுடையில் இருந்த ஜெர்மானியர்கள் நிறுத்தினார்கள். காகிதம் போலி என்று கண்டுபிடித்தார்கள். வீட்டாரை எச்சரிக்கச் சொல்லி ஒரு நண்பனை அனுப்பினார் சிமோன். அந்த நண்பனை நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ பின்தொடர்ந்தது. சில மணி நேரத்தில் அம்மா, மிலு, ழான் மூவரும் எக்செல்சியர் ஹோட்டலில் அவரோடு இருந்தார்கள்.

பதினாறு வயதுப் பெண். எச்சரிக்கை அனுப்பியதுதான் குடும்பத்தையே காட்டிக்கொடுத்தது என்பதை வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டியிருந்தது. அவருடைய நினைவுகளில் இப்படி இரண்டு தருணங்கள் உண்டு. இரண்டாவது திராந்சியில்.

அங்கே போவதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றி. நாடுகடத்தல் என்று நாம் எழுதுகிறோம். தமிழ்ச் செய்திகளில் அந்தச் சொல் வந்தால் நமக்கு விசா முடிந்தவரை விமானத்தில் ஏற்றி அனுப்புவது ஞாபகம் வரும். யாரை எங்கே அனுப்புகிறார்கள் என்று அதில் ஒரு தெளிவு இருக்கும். 1942க்கும் 1944க்கும் இடையில் பிரான்சிலிருந்து நடந்ததில் போகிற இடம் எதுவென்று போகிறவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை. திராந்சி முகாமில் குழந்தைகளும் பெரியவர்களும் அந்த இடத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: பிச்சிப்போய். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழித் தாலாட்டுகளிலும் கதைகளிலும் வரும் இல்லாத ஊர். நம் பாட்டிகள் ஏழு கடல் ஏழு மலைக்கு அப்பால் என்பார்களே, அதுபோல. நாளைக்கு பிச்சிப்போய்க்கு வண்டி, என்று பேசிக்கொண்டார்கள்.

திராந்சி பாரிஸுக்கு வடகிழக்கே இருந்த, முற்றுப்பெறாத ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஏழைகளுக்கு நல்ல வீடு தரவேண்டும் என்று 1930களில் நவீன பாணியில் கட்டத் தொடங்கியது. அதைச் சுற்றி முள்கம்பி போட்டு முகாமாக்கிவிட்டார்கள். காவலுக்கு நின்றது ஜாந்தர்மரி என்ற பிரெஞ்சுக் காவல்படை. 1943 ஜூலையிலிருந்து நிர்வாகம் புருனரின் கையில், ஆனால் வெளிக்காவல் அப்போதும் பிரெஞ்சுக்காரர்களிடம்தான். பிரான்சிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஏறத்தாழ 76,000 யூதர்களில் பெரும்பாலானோர் இந்த லாடவடிவக் கட்டடத்தின் வழியாகத்தான் போனார்கள். இன்று அங்கே மறுபடி மக்கள் குடியிருக்கிறார்கள். முன்வாசலில் ஒரு சரக்குப் பெட்டி நினைவுச்சின்னமாக நிற்கிறது.

இங்கேதான் இரண்டாவது தருணம். இளைஞர்களாக இருக்கும் ஆண்கள் இங்கேயே தங்கினால் டோட் என்ற ஜெர்மன் கட்டுமான அமைப்புக்காக பிரான்சுக்குள்ளேயே வேலை கிடைக்கும் என்று ஒரு செய்தியைப் பரப்பினார்கள். ழானுக்கு அப்போது பதினெட்டு வயது. தெரியாத ஊருக்குப் போவதைவிட தெரிந்த நாட்டில் கூலிவேலை செய்வது மேல் என்று அம்மாவும் அக்கா தங்கையும் அவரை இருக்கச் சொன்னார்கள். 1944 ஏப்ரல் 13 அன்று பெண்கள் மூவரும் கிளம்பினார்கள். ழான் பின்தங்கினார். அவரை அவர்கள் மறுபடி பார்க்கவில்லை.

அந்த வண்டி 71ஆவது தொடர். 1,500 பேர். லியோன் கெஸ்டபோ தலைவன் கிளாஸ் பார்பியின் உத்தரவில் ஒரு வாரத்துக்கு முன் இசியூ என்ற மலைக்கிராமத்துக் குழந்தைகள் இல்லத்தில் பிடிக்கப்பட்ட 44 குழந்தைகளில் 34 பேர் அதே வண்டியில் இருந்தார்கள். ஒரு சரக்குப் பெட்டிக்கு ஏறக்குறைய அறுபது பேர், கழிப்புக்கு ஒரு வாளி, உட்கார முறைவைத்துக்கொள்ளும் அளவுக்கு இடம். இரண்டரை நாள் பயணம்.

ஆஷ்விட்சில் நள்ளிரவு. பெட்டிக் கதவுகள் திறந்ததும் விளக்கு வெளிச்சம், நாய்கள், கூச்சல். கோடுபோட்ட உடையில் இருந்த கைதி ஒருவர் சிமோனிடம் வயதைக் கேட்டு, பதினெட்டு என்று சொல் என்று முணுமுணுத்தார். சொன்னார். வேலைக்கு உகந்தவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். களைத்திருக்கிறவர்கள் லாரியில் ஏறிக்கொள்ளலாம் என்று சலுகை போலச் சொன்னார்கள். மூவரும் நடப்பதென்று முடிவு செய்தார்கள். லாரியில் ஏறியவர்கள் நேராக நச்சுவாயு அறைக்குப் போனார்கள்.

71ஆவது தொடரின் கணக்கு இது: 165 ஆண்களும் 223 பெண்களும் முகாமுக்குள் எடுக்கப்பட்டார்கள். மிச்சம் 1,112 பேர் வந்து இறங்கிய சில மணி நேரத்திலேயே கொல்லப்பட்டார்கள். அந்த 34 குழந்தைகளும் அதில் அடக்கம். 1945இல் திரும்பி வந்தவர்கள் 105 பேர்.

அந்த எண் என்ன என்பதை இப்போது சொல்லிவிடலாம். நாஜி முகாம்கள் எல்லாவற்றிலும் கைதிகளுக்கு எண் உண்டு, ஆனால் உடலில் பச்சை குத்தியது ஆஷ்விட்சில் மட்டும்தான். அது வேலைக்காக உள்ளே எடுக்கப்பட்டவர்களுக்கான எண். கொல்வதற்கென்று கொண்டுவரப்பட்டவர்களுக்கு எண் தரவில்லை, பெயரைப் பதியவில்லை, கணக்கே வைக்கவில்லை. ஆகவே அந்த ஐந்து இலக்கத்தைக் கையில் வைத்திருப்பவர் ஒரு விதிவிலக்கு. நாம் படிக்கிற, கேட்கிற நினைவுகள் எல்லாமே அந்த விதிவிலக்குகளின் நினைவுகள்தான். லாரியில் ஏறியவர்களிடமிருந்து ஒரு வரிகூட நமக்கு வரவில்லை.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. வதை முகாம் என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் குறிக்கிறோம். டாஹாவ், புஹென்வால்ட் போன்றவை கைதிகளை வேலை வாங்கி, பட்டினி போட்டு, அடித்துச் சாகடித்த முகாம்கள். அரசியல் எதிரிகள், எதிர்ப்புப் போராளிகள், பல நாட்டவர்கள் அங்கே இருந்தார்கள். திரெப்லிங்கா, சோபிபோர், பெல்ஸெட்ஸ் ஆகியவை வேறு. அங்கே தங்கும் கொட்டகைகள் எனப் பெரிதாக எதுவும் இல்லை, ஏனென்றால் வந்தவர்களைத் தங்க வைக்கும் திட்டமே இல்லை. அவற்றைக் கொலைக்கூடங்கள் என்றுதான் சொல்லவேண்டும். ஆஷ்விட்ஸ் இரண்டும் சேர்ந்த இடம். ஏறத்தாழ 11 லட்சம் பேர் அங்கே இறந்தார்கள், அவர்களில் 10 லட்சம் பேர் யூதர்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததால்தான் அங்கிருந்து சாட்சிகள் திரும்ப முடிந்தது. பெல்ஸெட்ஸில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், போருக்குப் பிறகு அதைப் பற்றிச் சாட்சி சொல்ல மிஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆஷ்விட்ஸ் பெயரை உலகம் அறிந்ததும் பெல்ஸெட்ஸ் பெயரை அறியாததும் இதனால்தான்.

சரி, முதல் இரவுக்கு வருவோம். புதிதாக வந்த பெண்களிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கப்போகிறார்கள் என்று தெரிந்த நேரம். சிமோனோடு வந்த தோழி ஒருத்தியிடம் ஒரு சிறு சென்ட் பாட்டில் இருந்தது. அவர்கள் கையில் போவதற்கு நாமே பூசித் தீர்த்துவிடலாம் என்று எல்லோரும் மேலெல்லாம் தெளித்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில், நம்மோடு வந்த மற்றவர்கள் எங்கே என்று உள்ளே இருந்தவர்களிடம் கேட்டபோது, அவர்கள் புகைபோக்கியைக் காட்டினார்கள். சிமோனின் நினைவுகளில் வாசனைகள் இப்படி அடுத்தடுத்து வரும். பிற்காலத்தில் அவர் அதிகம் திரும்பிப்போனதும் அந்தப் புகையின் நாற்றத்துக்குத்தான். படத்தில் காட்டிவிட முடியாத ஒன்று அது என்பதாலோ என்னவோ.

ஆஷ்விட்சின் பகுதியான பிர்கெனாவின் பெண்கள் முகாமில் அவர்களுக்குக் கிடைத்த வேலை கல் சுமப்பது, குழி தோண்டுவது, தரையைச் சமப்படுத்துவது. எதற்காக? முகாமுக்குள்ளேயே ரயில் தண்டவாளத்தைக் கொண்டுவருவதற்கு. அதுவரை வண்டிகள் முகாமுக்கு வெளியே நின்றன. அடுத்து வரப்போவது ஹங்கேரி. 1944 மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, எட்டு வாரங்களுக்குள், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹங்கேரி யூதர்கள் அந்தப் புதிய தண்டவாளத்தில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலானோர் அன்றன்றே கொல்லப்பட்டார்கள். தாங்கள் கல் சுமந்து போட்ட பாதையில் அவர்கள் நடந்து போவதை சிமோன் தன் கொட்டகைக்கு அருகிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பிழைத்ததற்குக் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. அவர்களுடைய தொடரில் வந்த பெண்களுக்கு, ஏனென்று தெரியாமலே, தலையை முழுக்க மழிக்கவில்லை. ஒரு போலந்துக்காரக் காப்போ, அதாவது மற்றக் கைதிகளை மேய்க்க நியமிக்கப்பட்ட கைதி, ஒருநாள் சிமோனைப் பார்த்து, இவ்வளவு அழகாக இருக்கிறாய், இங்கே சாகவேண்டியவள் இல்லை, உன்னை வேறிடத்துக்கு மாற்றுகிறேன் என்ற பொருள்பட ஏதோ சொன்னாள். அம்மாவும் அக்காவும் கூட வந்தால்தான் போவேன் என்றார் சிமோன். ஆச்சரியம், அவள் ஒத்துக்கொண்டாள். 1944 ஜூலையில் மூவரும் பொப்ரெக் என்ற சிறிய துணைமுகாமுக்குப் போனார்கள். சீமென்ஸ் நிறுவனத்துக்காகக் கைதிகள் வேலைசெய்த இடம், சில நூறு பேர்தான். பிர்கெனாவோடு ஒப்பிட்டால் அங்கே உயிர் பிழைக்க வாய்ப்பு இருந்தது. அந்தப் பெண் ஏன் அப்படிச் செய்தாள், பதிலுக்கு ஏன் எதையும் கேட்கவில்லை என்பது சிமோனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. வீரம், மனவுறுதி என்றெல்லாம் உயிர் தப்பியவர்களைப் பற்றி எழுதும் வழக்கம் எனக்கு எப்போதும் உறுத்தும். அப்படியானால் செத்தவர்களுக்கு அது இல்லையா? சிமோன் அந்த மாதிரிப் பேச்சுக்கு இடம் கொடுத்ததில்லை.

1945 ஜனவரி 18. சோவியத் படை நெருங்கிவிட்டது. முகாமைக் காலிசெய்து கைதிகளைப் பனியில் நடத்திக்கொண்டு போனார்கள். வரலாற்றில் இதற்கு மரண நடை என்று பெயர். பின்தங்கியவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். கிளைவிட்ஸ் வரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர் நடை, அப்புறம் கூரையில்லாத ரயில் பெட்டிகள். மவுத்ஹவுசன் முகாமில் இடமில்லை என்றார்கள், வண்டி அலைந்தது. பிராக் நகரத்தின் ஓரமாகப் போனபோது அங்கே குடியிருந்தவர்கள் ஜன்னல்களிலிருந்து ரொட்டியை வீசினார்கள். அதைச் சொல்ல அவர் ஒருபோதும் மறந்ததில்லை. ஏனென்றால் மற்ற ஊர்களில் யாரும் வீசவில்லை.

கடைசியில் பெர்கன்-பெல்சன். அங்கே நச்சுவாயு அறை கிடையாது, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. கிழக்கிலிருந்து காலிசெய்யப்பட்ட முகாம்களின் கைதிகள் எல்லோரையும் கொண்டுவந்து திணித்ததில் உணவு நின்றது, தண்ணீர் நின்றது, டைஃபஸ் பரவியது. பொப்ரெக்குக்கு அனுப்பிய அதே காப்போ அங்கேயும் எதிர்ப்பட்டு சிமோனைச் சமையலறை வேலையில் போட்டாள். அம்மாவுக்கு அது போதவில்லை. 1945 மார்ச் நடுவில் இவோன் ஜாக்கோப் டைஃபஸில் இறந்தார். ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 15 அன்று, பிரிட்டிஷ் படை உள்ளே வந்தது. ஏறத்தாழ 60,000 பேர் உயிரோடும், ஆயிரக்கணக்கான பிணங்கள் புதைக்கப்படாமலும் கிடந்தன. தொற்றுக்குப் பயந்து கொட்டகைகளைப் படை எரித்தது. அம்மாவின் மரணத்தை மட்டும் தன்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை என்று எழுபது எண்பது வயதிலும் சிமோன் சொன்னார். அம்மா கூடவே இருப்பதாகத்தான் நினைத்து வாழ்ந்தார்.

இனிதான் கட்டுரையின் முதல் பத்திக்குத் திரும்ப முடியும்.

மே மாதம் 23ஆம் தேதி சிமோனும் நோயாளியான மிலுவும் பிரான்ஸ் வந்து சேர்ந்தார்கள். முதலில் போர்க்கைதிகளான படைவீரர்களை விமானத்தில் அழைத்துப் போனார்கள், இவர்கள் லாரியில் வந்தார்கள். நடு அக்கா தெனீஸ் அவர்களுக்கு முன்பே வந்திருந்தார். அவர் லியோனில் ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிரான எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து, 1944 ஜூனில் பிடிபட்டு, யூதர் என்பதை மறைத்துப் போராளியாக ராவன்ஸ்ப்ரூக் முகாமுக்கு அனுப்பப்பட்டவர். ஒரே வீட்டிலிருந்து இரண்டுவிதமான கைதிகள். தெனீஸை மேடையேற்றிப் பேச அழைத்தார்கள். நாட்டுக்காகப் போராடிப் பிடிபட்டவர், அவர் சொல்ல ஒரு கதை இருந்தது, அந்தக் கதையில் பிரான்சுக்கும் பெருமை இருந்தது. சிமோனும் மிலுவும் எதற்காகப் பிடிபட்டார்கள்? பிறந்ததற்காக. அதில் பெருமைப்பட பிரான்சுக்கு ஒன்றுமில்லை. பிடித்ததில், பட்டியல் போட்டதில், காவல் நின்றதில், வண்டி ஓட்டியதில் பிரெஞ்சுக்காரர்களின் கை இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் கேட்டாக வேண்டும்.

சட்டமும் அதே பாகுபாட்டை எழுதி வைத்தது. 1948 ஆகஸ்டில் ஒரு சட்டம், எதிர்ப்பு இயக்கத்தினராக நாடுகடத்தப்பட்டவர்களுக்கு. செப்டம்பரில் இன்னொன்று, அரசியல் காரணத்தால் நாடுகடத்தப்பட்டவர்கள் என்ற தலைப்பில். யூதர்களை இரண்டாவதில் போட்டார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு என்ன அரசியல் என்று யாரும் கேட்கவில்லை. யூதர்கள் என்பதற்காகக் கொண்டுபோகப்பட்டவர்கள் என்று ஒரு வகையே அதில் இல்லை.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். பல மாதங்கள் தரையில் படுத்துப் பழகியவருக்கு மெத்தையில் தூக்கம் வராமல் ஒரு மாதம் தரையிலேயே படுத்தார். உறவினர்கள் வந்து பார்ப்பார்கள், பேச்சை எடுத்தால் மாற்றுவார்கள், அல்லது அபத்தமாக ஏதாவது கேட்பார்கள். துக்கம் விசாரிக்கத் தெரியாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இங்கே நடந்தது அதைவிடக் கூடுதல். அப்படியா கஷ்டமாக இருந்திருந்தால் எப்படித் திரும்பி வந்தாய் என்ற சந்தேகமும் சேர்ந்திருந்தது. முகாம் அனுபவத்தை அவர் மனம்விட்டுப் பேசியது மிலுவோடு மட்டும்தான். 1952இல் மிலு கார் விபத்தில் இறந்துபோனார். அதே வண்டியில் ஆஷ்விட்சுக்குப் போய்த் திரும்பிய தோழி மார்சலின், பிற்பாடு திரைப்பட இயக்குநரானவர், அவருக்கு மிஞ்சினார். இருவரும் சேர்ந்தால் முகாமைப் பற்றிச் சிரித்துக்கூடப் பேசுவார்களாம். வெளியாள் இருந்தால் அந்தச் சிரிப்பு வராது.

1974 நவம்பர் 26 அன்று அவர் கருக்கலைப்பு மசோதாவைத் தாக்கல் செய்து பேசினார். அதையொட்டிய விவாதத்தில் ஓர் உறுப்பினர் கருக்களை எரிஉலையில் போடுவதோடு அதை ஒப்பிட்டுப் பேசினார். எந்தப் பெண்ணிடம் அதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருக்கவில்லை என்பதை மன்னிப்புக் கேட்டபோது அவரே ஒத்துக்கொண்டார். போர் முடிந்து முப்பது ஆண்டுகள், நாட்டின் அமைச்சர், கையில் எண். அப்போதும் அந்த நாடாளுமன்றத்தில் ஒருவருக்குத் தெரியவில்லை.

காது எப்போது திறந்தது? ஒரே நாளில் இல்லை. 1961இல் ஜெருசலேமில், யூதர்களை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை ஒழுங்குபடுத்திய நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கு நடந்தபோது சாட்சிகள் வரிசையாக வந்து பேசினார்கள், உலகம் முதல்முறையாக உட்கார்ந்து கேட்டது. பிரான்சில் திருப்பம் 1978இல் வந்தது என்பேன். செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட் என்ற வழக்கறிஞர் அந்த ஆண்டு ஒரு தடித்த தொகுப்பை வெளியிட்டார். ஒவ்வொரு தொடர்வண்டிக்கும் ஜெர்மானியர்கள் தட்டச்சு செய்து வைத்திருந்த பட்டியல்களின் நகல்களிலிருந்து பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் என எல்லாவற்றையும் எடுத்து அச்சிட்டார். வேறு எதுவும் தேவைப்படவில்லை. அவருக்கும் நீஸுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1943 செப்டம்பர் கடைசி நாளில் புருனரின் ஆட்கள் வந்தபோது எட்டு வயது செர்ஜையும் தாயையும் அக்காவையும் அலமாரிக்குப் பின்னால் போலிச்சுவருக்குள் ஒளித்துவைத்துவிட்டு அவருடைய அப்பா தன்னைப் பிடித்துக் கொடுத்தார். ஆஷ்விட்சில் இறந்தார். பிற்பாடு அந்தப் பையன்தான், மனைவி பேயாட்டோடு சேர்ந்து, பொலிவியாவில் ஒளிந்திருந்த பார்பியைத் தேடிக் கண்டுபிடித்து அம்பலப்படுத்தினார். 1987இல் லியோனில் பார்பிக்கு ஆயுள் தண்டனை. இசியூ குழந்தைகளுக்கும் சேர்த்து. புருனர் சிரியாவுக்குத் தப்பி அங்கேயே கடைசிவரை இருந்தான், 2001இல் அவன் இல்லாமலேயே பிரெஞ்சு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

பட்டியல் வெளிவந்த பிறகு நினைவுகளின் நிலைமை மாறியது. அதுவரை ஒருத்தி சொன்ன கதை, இப்போது எண்ணோடும் தேதியோடும் ஒத்துப்பார்க்கக்கூடிய சாட்சியம். 1995 ஜூலை 16 அன்று குடியரசுத் தலைவர் ஷிராக், 1942இல் பாரிஸ் போலீஸ் 13,000 யூதர்களை, அதில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை, வளைத்துப் பிடித்ததற்கு பிரெஞ்சு அரசே பொறுப்பு என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டார்.

இதில் சிமோன் எல்லோரும் எதிர்பார்க்கும் பக்கத்தில் எப்போதும் நிற்கவில்லை. 1970களில், ஆக்கிரமிப்புக் காலத்து பிரெஞ்சுக்காரர்களை எல்லாம் கோழைகளாகவும் கூட்டாளிகளாகவும் காட்டியதாக அவர் நினைத்த ஓர் ஆவணப்படத்தை அரசுத் தொலைக்காட்சி வாங்குவதை எதிர்த்தார். அந்தப் படத்தைத் தடுத்தது தவறு என்பது என் அபிப்பிராயம். காரணம் என்னவோ யோசிக்க வைப்பது. போர் தொடங்கியபோது பிரான்சில் இருந்த ஏறத்தாழ 3,30,000 யூதர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிழைத்தார்கள். அரசு கைவிட்ட இடத்தில் ஆசிரியைகளும் விவசாயிகளும் பாதிரியார்களும் கதவைத் திறந்ததும் அதற்கு ஒரு காரணம். அவரையே அப்படி ஒரு வீடு ஒளித்து வைத்திருந்தது. 2007 ஜனவரியில் அந்த எளிய மனிதர்களுக்காக நாட்டின் பெரியோர்களை அடக்கம் செய்யும் பாரிஸ் பாந்தியோனில் நினைவுப்பலகை வைக்கப்பட்டபோது அவர் அங்கே இருந்தார்.

2010 மார்ச்சில், பிரெஞ்சு மொழியைப் பேணும் அமைப்பான பிரெஞ்சு அகாதமியில் அவருக்கு இருக்கை கிடைத்தது. அங்கே சேருபவர்கள் ஒரு வாள் செய்துகொள்வது மரபு, அதில் என்ன பொறிக்கலாம் என்பது அவரவர் விருப்பம். அவர் தன் வாளில் பொறித்தவற்றில் ஒன்று 78651. டோக்கன் நம்பரா என்று இனி யாரும் கேட்க முடியாத இடத்தில் அதை வைத்தார். 2017 ஜூன் 30 அன்று இறந்தார், மறு ஆண்டு அவர் உடல் கணவரோடு பாந்தியோனுக்குக் கொண்டுபோகப்பட்டது.

அப்பாவும் ழானும்? திராந்சியில் வேலை தருவதாகச் சொல்லி நிறுத்தி வைத்தார்களே, அவர்களும் சேர்த்து 878 ஆண்களை 1944 மே 15 அன்று ஒரு வண்டியில் ஏற்றினார்கள். 73ஆவது தொடர். ஆந்த்ரே ஜாக்கோபும் இதற்குள் பிடிபட்டிருந்தார். பிரான்சிலிருந்து போனவற்றில் இந்த ஒரு வண்டி மட்டும் பால்டிக் பக்கம் போனது. சில பெட்டிகள் லித்துவேனியாவின் கவுனசில் நின்றன, மிச்சம் எஸ்டோனியாவின் தாலின் வரை போனது. இருபத்துச் சொச்சம் பேர் திரும்பினார்கள். அப்பாவும் மகனும் அதில் இல்லை.

கவுனசில் ஒன்பதாம் கோட்டை என்று ஒன்று இருக்கிறது. அங்கே அடைக்கப்பட்ட அந்த வண்டி ஆட்கள் சிறைச்சுவரில் பெயரும் ஊரும் தேதியும் கீறி வைத்தார்கள். போரும் அதற்குப் பின் வந்தவையும் அழிக்காமல் அந்த எழுத்து நிற்கிறது. தங்கள் நாடு தங்களைப் பட்டியலிட்டு, காவல் காத்து, வண்டியேற்றி அனுப்பிய பிறகு அவர்கள் எழுதியது: நாங்கள் 900 பிரெஞ்சுக்காரர்கள்.